வெள்ளை விமானத்தில் ஒரு பலாப்பழம்

வேகமாகப் போகும் விமானம்தான் பாதுகாப்பான விமானம் என்று நான் நம்பியிருந்தேன். கணக்கு எளிமையானது. ஆபத்து வானத்தில் இருக்கிறது. அங்கே எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறோமோ, அவ்வளவு நல்லது. பயம் வந்தால் சிலருக்கு மூளை நின்றுவிடும். எனக்கு அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கும், அதுதான் பிரச்சினை.

இத்தனைக்கும் நான் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களின் வயிற்றுக்குள் பெட்டி அடுக்குகிறவன். விமானத்தின் அடிப்பக்கத்தை என் அளவுக்குப் பார்த்தவர்கள் மொன்றியல் தமிழரில் அதிகம் இல்லை. உள்ளே ஏறி இருக்கச் சொன்னால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன்.

மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். டொராண்டோவில் கல்யாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று எப்போதும் நெடுஞ்சாலையில்தான் அவன் சீவியம். ஒரு தடவை திரும்பி வரும்போது ஸ்ரியரிங்கிலேயே கண்ணயர்ந்து, கார் ஒரு லொறியின் பக்கமாகச் சரிந்துவிட்டது. மயிரிழையில் தப்பினான். அதன் பிறகு கார்ப் பயணத்தை வெறுத்து, விமானம் ஓட்டப் பழகி, அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டான். அடுத்தது விமானம். புதியது வாங்க வசதியில்லை. ஆனால் இந்த நாட்டில் சிலர் தங்கள் கராஜுக்குள் வருடக்கணக்காக இருந்து சொந்தக் கையால் விமானம் கட்டுகிறார்கள். வயது போனதும் விற்கிறார்கள்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி, மொன்றியல் தீவை விட்டு இறங்கினால், சோளவயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓடுபாதை. அங்கே ஒரு கொட்டகைக்குள் அப்படிப்பட்ட இரண்டு விமானங்கள் விலைக்கு நின்றன.

ஒன்று அலுமினியம். சின்னப்பிள்ளை கீறும் விமானம் போலவே இருந்தது: முன்னால் எஞ்சின், நடுவே இறக்கை, பின்னால் வால். மற்றது வெள்ளை நிறம், கண்ணாடிநாரில் வார்த்தது. அதற்கு எஞ்சினும் மரக் காற்றாடியும் பின்னால். பெரிய இறக்கையும் பின்னால். முன்னால் மூக்கடியில் மீசை போல ஒரு குட்டி இறக்கை. யாரோ அவசரத்தில் திருப்பிப் பூட்டியது போலிருந்தது. அது முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைச் சீமெந்தில் ஊன்றி, பாய்வதற்கு முன் பதுங்கியிருக்கும் மிருகம் போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைக் கட்டியவர் ஒரு கிபெக் கிழவர். பின்பாரம் கூடிய விமானம் என்பதால், ஆட்கள் இறங்குமுன் மூக்கை இப்படித் தரையில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சாய்ந்துவிடும் என்றார். முன் இருக்கையில் ஒரு ஆள் இருந்தாலே போதுமாம், சாயாதாம். கதையோடு கதையாக, தன் மனைவி இதில் ஒரு நாளும் ஏறியதில்லை என்றும் சொன்னார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

மச்சான் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அத்தான், வெள்ளை சரியான வேகம். ஆனா இறங்கேக்கையும் அதே வேகம்தான். நீட்டு ஓடுபாதை வேணும். வழியில எஞ்சின் நிண்டா வயலுக்க இறக்கேலாது. அலுமினியம் மெதுவாப் போகும், மெதுவா இறங்கும், புல்லிலயும் நிக்கும்."

"மெதுவாப் போனா கனநேரம் மேல இருக்கோணும் எல்லே?"

"ஓம்."

"அப்ப வெள்ளை."

அவன் மனம் அலுமினியத்தில்தான் இருந்தது. ஆனால் விமான நிலையத்தில் வேலை செய்கிற அத்தான் சொல்கிறாரே என்று வெள்ளையை வாங்கினான்.

ஆனி மாதம் டொராண்டோவில் ஒரு கல்யாண வீடு வந்தது. மச்சான் என்னையும் கூப்பிட்டான். வெள்ளை என்று தீர்ப்புச் சொன்னவன் எப்படி மறுப்பது? ஏறி இருந்தேன். எனக்கு நேரே ஒரு சின்னத் தகடு. வழக்கமான விமானங்களுக்குரிய தரங்கள் இந்த விமானத்துக்குப் பொருந்தாது என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. என் பிரெஞ்சு மோசம் என்பதால் பயமும் குறையும் என்று பிரெஞ்சில் வாசித்தேன். அன்றைக்கென்று முழுவதும் விளங்கியது.

புறப்படுமுன் மச்சான் பாரக் கணக்குச் சொன்னான். "நாங்கள் ரெண்டு பேர், பெற்றோல், ஆளுக்கொரு சின்னப் பை. அவ்வளவுதான். பின்னுக்குப் பாரம் கூடினா மூக்கு மேல எழும்பும். எழும்பினா பேந்து இறங்காது."

"மூக்கு இறங்காட்டி?"

"நாங்கள் இறங்குவம்."

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பின்னேரம் திரும்ப வேண்டும். புழுக்கம். நாங்கள் போகவேண்டிய கிழக்குத் திசையில் முகில் கறுத்து, கோபுரம் போல எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா, அதாவது மச்சானின் மூத்த தமக்கை, எங்களை ஏற்றிவந்து காரை விமானத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தி டிக்கியைத் திறந்தார். உள்ளே மாம்பழப் பெட்டிகள். மிளகாய்த்தூள் பொதிகள். பலகாரத் தகரம். அரிசி மூட்டை. எல்லாவற்றுக்கும் மேலே, சீட்பெல்ட் போட்ட ஆள் போல, ஒரு முழுப் பலாப்பழம்.

"அக்கா, இது லொறி இல்லை" என்றான் மச்சான்.

"தெரியும். எயர்போர்ட்டில கிலோ கிலோவா நிறுத்து எடுத்து எறிவாங்கள். சொந்தப் பிளேனை ஆர் நிறுக்கிறது?"

"பின்னுக்குப் பாரம் கூடாதக்கா..."

"கல்யாண வீட்டுக்கு வந்திட்டு வெறுங்கையோட போறதோ? அங்க அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?"

அவள் என்றது என் மனைவியை. மச்சானைக் கனடாவுக்குக் கூப்பிட்டது அக்கா. அவருக்கு முன்னால் அவனுக்கு இன்றைக்கும் இதற்கு மேல் வாய் திறக்காது. என்னைப் பார்த்தான். நான் தடுத்திருக்கலாம். ஆனால் அக்கா, "தம்பி, உங்கட வேலையே இதுதானே, வடிவா அடுக்கிவிடுங்கோ" என்றார்.

அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். பின் இருக்கைக்கும் பின்னால், எஞ்சின் சுவரோடு ஒட்ட, ஒரு விரல் நுழைய இடைவெளியில்லாமல் அடுக்கினேன். என் வேலையில் எந்தப் பெட்டி எந்த அறைக்குள் போக வேண்டும் என்று தாளில் எழுதித் தருவார்கள். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கடைசியாகப் பலாப்பழத்தை ஆகப் பின்னால் செருகி, தட்டியும் பார்த்தேன். அசையவில்லை. பெருமையாக இருந்தது.

மச்சான் முதலில் ஏறினான். பக்கத்தில் நான். மூக்கை நிமிர்த்தினான். விமானம் மூன்று சக்கரத்தில் நின்றது. ஆனால் வரும்போது நின்றதுபோல இல்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் இலேசாகத் துள்ளியது.

"இது ஏன் ஆடுது?"

"காத்து" என்றான். அவன் குரலில் அவனுக்கே நம்பிக்கை இல்லை. சுவிட்சுக்குப் போன கை நின்றது. கிழக்கே ஒரு மின்னல், சத்தமில்லாமல். பின்னாலிருந்து பலாப்பழ வாசம் கழுத்தில் மூச்சு விடுவதுபோல வந்தது. நான் தகட்டை இன்னொரு தடவை வாசித்தேன்.

"மச்சான், எனக்கு ஒண்டுக்குப் போகோணும்."

"இப்பவோ?"

"இப்பவே."

"கொஞ்சம் பொறுங்கோ அத்தான், முகில் வரமுதல் வெளிக்கிடோணும்."

நான் பொறுக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றினேன். தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் தள்ளினேன். அவன் "இறங்காதேங்கோ" என்று கத்துவது கேட்டது. அதற்குள் என் இரண்டு காலும் தரையில்.

எனக்குப் பின்னால் ஒரு முனகல். திரும்பினேன். விமானத்தின் மூக்கு மெல்ல, அவசரமே இல்லாமல், மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே மச்சான் பல் டாக்டரிடம் படுத்திருப்பவன் போல வானத்தைப் பார்த்தபடி. பிறகு மரம் முறியும் சத்தம்.

"ஐயோ, மாம்பழம்!" என்றார் அக்கா.

மச்சான் சறுக்கி இறங்கி வந்தான். நிமிர்ந்து நின்ற மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் உள்ளுக்க இருக்கேக்கையே விழுந்திட்டுது அத்தான். இவ்வளவு நேரமும் உங்கட பாரத்திலதான் நிண்டிருக்கு."

"நான் இறங்காட்டி?"

"ஸ்ரார்ட் பண்ணி மேல ஏறியிருப்பம்."

அன்று வெள்ளை விமானம் பறக்கவில்லை. காற்றாடி இரண்டாக முறிந்திருந்தது. நாங்கள் மொன்றியலுக்கு பஸ்ஸில் வந்தோம். பலாப்பழம் வழி முழுவதும் என் மடியில் இருந்தது.