நேராகத்தான் உட்காருவோம்

டி.வி. வாங்கும் விஷயத்தில் என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று இரண்டு மாதம் வீட்டில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். பழைய டி.வி.யின் திரையில் பச்சைக் கோடு விழுந்தபோது மனைவி வருத்தப்பட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால்கூட ஒரு கையில் கைபேசியை வைத்துக்கொண்டு, எந்தத் திரை எப்படி என்று ஆராயும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காக்ஸ் டவுனில் எங்கள் வீடு பழைய காலத்துக் கட்டடம். கூடம் அகலம் குறைவு, நீளம் அதிகம். அதில் நான், மனைவி, என் அக்கா என்று மூன்று பேர். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் கண் போய், கடைசி நான்கு வருடம் கைப்பிடித்து நடக்கவேண்டியிருந்தபோது, அந்தக் கையைக் கொடுத்தது அக்காதான். பகலில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர், சாயங்காலம் எங்கள் வீட்டுச் சமையல். ஆறு வருடமாக அவளுக்கும் சர்க்கரை உண்டு.

"எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்ல?" என்றாள் மனைவி, கடைக்குக் கிளம்பும்போது.

"அக்கா எங்க டி.வி. பாக்குது? அது காதால கேக்குது, அவ்ளோதான்" என்றேன். நகைச்சுவையாகச் சொன்னதாகத்தான் அப்போது நினைப்பு.

கடையில் எங்களைக் கவனித்த விற்பனைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கன்னடக்காரர், ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தமிழுக்கு மாறிவிட்டார். நான் படித்ததையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். ஓஎல்இடி வேண்டாம், செய்திச் சேனலின் முத்திரை நாளடைவில் திரையில் அழுந்திப் படிந்துவிடும் என்றேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, அடுத்தடுத்து மாட்டியிருந்த இரண்டு எல்இடி டி.வி.களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அளவு ஒன்று, விலையும் கிட்டத்தட்ட ஒன்று. உள்ளே இருக்கும் பேனல் மட்டும் வேறு. ஒன்று ஐபிஎஸ். எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கும். மற்றது விஏ. அதில் கறுப்பு அசல் கறுப்பு.

கடையில் விளக்கைக் குறைக்கச் சொல்லி, இரண்டிலும் இருட்டுக் காட்சி ஒன்றைப் போடச் சொன்னேன். அந்த அம்மா முணுமுணுக்காமல் செய்தார். விஏ திரையில் கறுப்பு அப்படி ஒரு கறுப்பு. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

"சார், மனேல, வீட்டுல, எல்லாரும் எங்க குந்திட்டுப் பாப்பீங்க? சைடுல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார் அவர்.

"இல்லம்மா. நாங்க எல்லாரும் நேராதான் உக்காருவோம்."

"கரெக்ட்டா நெனச்சு சொல்லுங்க சார். இது நேரா பாத்தாதான் சூப்பர். ஆமேல, அப்புறம் வந்து சரியில்லன்னு சொல்லக்கூடாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? "எல்லாரும் நேராதான்" என்று இன்னொரு தரம் அழுத்திச் சொன்னேன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

டி.வி. வந்தது. சோபாவில் நானும் மனைவியும் உட்கார்ந்து, "என்னா கறுப்பு பாரு, என்னா கறுப்பு பாரு" என்று மாய்ந்து போனோம். அக்கா எப்போதும்போலச் சமையலறை வாசலையொட்டிய பிரம்பு நாற்காலியில், அடுப்பில் ஒரு கண்ணும் டி.வி.யில் ஒரு கண்ணுமாக இருந்தாள். அந்த நாற்காலி, டி.வி. மாட்டிய சுவருக்கு மிக அருகில், ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. "எப்டிக்கா இருக்கு?" என்றேன். "நல்லா இருக்குடா" என்றாள்.

அதற்குப் பிறகு அக்காவிடம் சில மாற்றங்கள். நான் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடம் ஓட்டிய ஸ்கூட்டரைப் பள்ளியில் வேறொரு டீச்சருக்குக் கொடுத்துவிட்டாள். டிராபிக் தாங்கவில்லை என்றாள். பெங்களூரில் அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. கோயில் பாடகர் குழுவிலிருந்தும் நின்றுகொண்டாள். வயதாகிறது, எரிச்சல் வருகிறது என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். குறை கண்டுபிடிக்கிறவன் அல்லவா.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனன் குடும்பத்தோடு கிரிக்கெட் பார்க்க வந்தான். சோபா நிறைந்துவிட்டது. அக்கா உள்ளே பிரியாணிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். காலியாக இருந்த அவளுடைய பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் அத்தனை வருடம் இருந்தும், அதில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம்.

திரையில் பச்சை மைதானம் சாம்பல் பூத்திருந்தது. ஆட்டக்காரர்களின் முகம் வெளிறி, கண் மூக்கு தெரியாமல் பனிமூட்டத்துக்குள் நிற்பதைப்போல இருந்தது. ரன் எண்ணிக்கையைக்கூடக் கண்ணை இடுக்கித்தான் படித்தேன். எழுந்து சோபா பக்கம் போனேன். பளிச்சென்று இருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தேன். பனிமூட்டம்.

அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கடையில் அந்த அம்மா இரண்டு தரம் கேட்டதையும், நான் இரண்டு தரம் "எல்லாரும்" என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வருமே என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சோபாவில் உட்கார்ந்து பார்க்கவே கூசியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டுச் சோபாவின் நடுவில் உட்காரவைத்தேன். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று முரண்டு பிடித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, டி.வி.யைப் போட்டேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இன்னிக்கு நல்லா தெரியுதேடா" என்றாள். "கண்ணு திரும்ப வந்துடுச்சாடா?"

டி.வி.தான் அக்கா, உன் இடத்திலிருந்து பார்த்தால் இது இப்படித்தான் தெரியும், தெரிந்தேதான் வாங்கினேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். மூன்று பேர் பார்க்கும் டி.வி.யில் இரண்டு பேருக்கு அத்தனை கறுப்பாகத் தெரிவது தனக்கு மட்டும் வெளுத்துத் தெரிந்தால், அவள் வேறு என்ன நினைப்பாள்? அம்மாவுக்கும் முதலில் முகங்கள்தான் வெளுத்தன. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே உறுதியாகச் சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் அங்கேயும் போகவில்லை என்று அவளே சொன்னாள். பள்ளிப் பிள்ளை யாரையாவது இடித்துவிடுவோம் என்றுதான் ஸ்கூட்டரைக் கொடுத்திருக்கிறாள். பாட்டுப் புத்தகத்தில் எழுத்து மங்கியதும் அதே பயத்தோடு சேர்ந்துகொள்ள, பாடகர் குழுவிலிருந்தும் நின்றிருக்கிறாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சொட்டு மருந்து விட்டு, நிறையச் சோதனை செய்தார்கள். விழித்திரையில் சர்க்கரையின் பாதிப்பு இன்னும் இல்லை, படிக்கிற கண்ணாடியை மட்டும் மாற்றவேண்டும், இனி வருடம் தவறாமல் வரவேண்டும் என்றார் டாக்டர். அக்கா அவருக்கு நாலைந்து தரம் தேங்க்ஸ் சொன்னாள்.

திரும்பும்போது ஆட்டோ, ஹலசூரு சிக்னலில் நின்றுவிட்டது. மருந்தின் கூச்சத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக, "டி.வி.ய மாத்திடலாம்க்கா" என்றேன்.

"பேடாடா, வேணாம். நாற்காலிய நகத்திப் போட்டா ஆச்சு." பிறகு சிரித்தாள். "ஒண்ணு சொல்றேன், நீ சிரிக்கக்கூடாது. மத்தியானம் ஸ்கூல் விட்டு வந்து, நீங்க ரெண்டு பேரும் இல்லாத நேரத்துல, நான் கண்ண மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பழகிட்டு இருந்தேன். கட்டில்ல இருந்து அடுப்புக்குப் பத்தொம்போது அடி. உப்பு எது, மிளகாத்தூள் எதுன்னு மூடியத் தொட்டே சொல்லிடுவேன் இப்ப. சாதம் வெந்தத சத்தத்துலயே கண்டுபிடிப்பேன்."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? கண்ணு போச்சுன்னா உங்க சாப்பாடு நின்னுடக் கூடாதுல்ல."