அடுப்பில் போன லைசென்ஸ்

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். பனைவெல்லம் காய்ச்சுவதற்காகப் பதனீர் இறக்க லைசென்ஸ் வைத்திருக்கிறேன். சட்டத்தில் அதற்கு 'இனிப்புக் கள் லைசென்ஸ்' என்று பெயர்.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த புதிது. கள் வைத்திருப்பவர்களைப் பிடிக்கிறார்கள் என்று சந்தையில் கேட்டு வந்த என் கடைசி மகள் பாவாயி, அந்தக் காகிதத்தை எடுத்து வெல்ல அடுப்பில் போட்டுவிட்டாள். அது சாம்பலாகும்போதுதான் நான் பார்த்தேன். திட்டக்கூட நேரமில்லை. வாசலில் கலால் அதிகாரி வந்து நின்றார்.

"லைசென்ஸ் எங்கே?" என்றார்.

பாவாயி முன்னால் போய் நின்றாள். "நாந்தானுங்க எரிச்சேன். கள்ளுன்னு போட்டிருந்துச்சுங்க. எங்கப்பாவைப் புடிச்சுட்டுப் போயிருவீங்கன்னு பயந்துட்டேனுங்க. வேணும்னா என்னையக் கூட்டிட்டுப் போங்க."

அவர் அங்கிருந்த பதனீர்ப் பானைக்குள் விரலை விட்டுத் தடவினார். பதனீர் புளிக்காமலிருக்க நாங்கள் பூசும் சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"உங்கப்பாவை நீயே வெச்சுக்க சாமி. ஆபீசுக்கு வந்து நகல் வாங்கிக்கச் சொல்லு."

சர்க்கார் அதைப் 'பதனீர் லைசென்ஸ்' என்று மாற்றினால் புண்ணியமாகப் போகும். அதுவரை எந்தச் சர்க்கார் காகிதம் வந்தாலும், அது எதற்கென்று பாவாயிக்கு விளக்கிச் சொன்ன பிறகுதான் பெட்டியில் வைக்கிறேன்.