வெறுங்காலில் எடுத்த அளவு

அந்த மே மாதம் முழுக்க என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினிக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்பி வருவேன். "குட்டி போட்ட பூனை மாதிரி ஏன் திரியிறியள்? ஒரு இடத்தில இருங்கோவன்," என்பாள் மனைவி. காரணம் அவளுக்கும் தெரியும். மகள் கட்டப்போகும் பையனின் தகப்பன் என்னைக் கோல்ஃப் விளையாட அழைத்திருந்தார்.

அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரர். அதற்கு முன் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டவர். முதல் தடவை துறைமுகத்தில் வேலை என்றேன், அடுத்த தடவை காய்ச்சல் என்றேன். இரண்டும் பொய். அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னைக் கேளாமலே எல்லாம் முடிவாகிவிட்டதே என்ற வீம்புதான். மகள் சண்டை பிடிக்கவில்லை. கோட்-டெ-நெய்ஜிலுள்ள தன் அறையிலிருந்து ஃபோன் எடுத்தாள்.

"அப்பா, இதுதான் கடைசி. இதுக்கும் நீங்கள் போகாட்டி, இனி உங்களை ஒண்டுக்கும் கேக்கமாட்டன்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

வேலையிடத்துப் பெடியளோடு இரண்டு கோடைகாலம் கோல்ஃப் பந்தடித்த பழக்கம் உண்டு. சொந்த மட்டை கிடையாது. மைதானத்தில் வாடகைக்குக் கிடைக்கும் என்றாள் மகள். வாடகை மட்டையோடு சம்பந்தி முன்னால் போய் நிற்பதா என்று என் வீம்பு திரும்பவும் தலைதூக்கியது. லவாலில் ஒரு அண்ணை தன் வீட்டு பேஸ்மெண்டில் ஆளுக்கு அளவெடுத்து மட்டை செய்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும், சனிக்கிழமைவரை பொறுக்காமல் அன்று பின்னேரமே போய்விட்டேன். போகிற வழியில் கோல்ஃப் சப்பாத்தும் வாங்கினேன்.

அண்ணை மேசையில் மட்டைத் தலைகளைப் பரப்பி வைத்தார். எல்லாம் பெரிய கம்பனிகளின் வடிவத்தைப் பார்த்து வார்த்தவை. குளோன் என்பார்கள். எட்டத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டப் போனால் பெயர் வேறாக இருக்கும். நான் பளபளப்பானதையே திரும்பத் திரும்ப எடுத்தேன்.

"தலை குளோனா இருந்தாப் பரவாயில்லை," என்றார் அண்ணை. "தண்டை மட்டும் நல்லதா எடுங்கோ. தலை மற்றவைக்குக் காட்டத்தான். அடிக்கிறது தண்டு."

ஆகவும் இறுக்கமான தண்டு வேண்டும் என்றேன். அங்கே கட்டியிருந்த வலையைப் பார்த்து நாலு அடி அடிக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "உங்கட வீச்சுக்கு அது வளையாது. கொஞ்சம் இளக்கமானதுதான் சரி," என்றார். வயதைச் சொல்லிக்காட்டியது போலச் சுட்டது. ஆனாலும் சம்மதித்தேன்.

பிறகு அளவு. மணிக்கட்டிலிருந்து நிலம்வரை நாடா பிடிக்க வேண்டும்.

"விளையாடுற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ."

புதுச் சப்பாத்து பெட்டியோடு கையில்தான் இருந்தது. ஆனால் சுவரில், மாட்டியிருந்த வேலை ஆயுதங்களுக்கு மேலே, பிள்ளையார் படம். பூ வைத்து, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"படத்துக்கு முன்னால சப்பாத்தோட எப்பிடி அண்ணை? இப்பிடி வெறுங்காலோடயே அளவுங்கோ."

"புதுசுதானே. பிள்ளையார் ஒண்டும் சொல்லமாட்டார்."

"வேண்டாம் அண்ணை."

"அப்ப சப்பாத்து உயரத்துக்கு ஒரு மட்டாக் கொஞ்சம் கூட்டி விடட்டோ?"

எனக்கு எப்போது வெளியே போவோம் என்றிருந்தது. "அளந்தபடியே செய்யுங்கோ," என்றேன்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை நானும் சம்பந்தியும் மட்டும் விளையாடினோம். அவர் உயரமான மனிதர், அதிகம் கதைக்காதவர். என் முதல் அடி பந்தின் உச்சியில் பட்டு, பந்து புல்லில் உருண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது குழிக்குப் போவதற்குள் குனிந்து குனிந்து முதுகு பிடித்துவிட்டது. அவர் கை நீட்டி மட்டையைக் கேட்டார். அதைக் கவிழ்த்து, பெயர் இருக்கும் இடத்தைப் பார்த்தார். போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன். அவர் பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்டை விரலால் தடவி, நல்ல தண்டு என்றார். பிறகு மட்டையை என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். "இது உங்களுக்குக் குட்டை. எப்படி அளந்தார்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

பிள்ளையார் படத்தைச் சொன்னேன். சப்பாத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் தடித்த அடிச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்படியென்றால் கழற்றுங்கள். இங்கே அதற்குத் தடை இருக்கிறது. யாராவது வந்தால் நான் சொல்கிறேன்."

அவர் பாதைப் பக்கம் போய், மைதானத்து வண்டி வருகிறதா என்று காவல் நின்றார். நான் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். புல் ஈரமாக, குளிராக இருந்தது. அந்த மனிதரின் முதுகைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

"அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை," என்றேன்.

"தெரியும்," என்றார் அவர், திரும்பாமலே. "அடியுங்கள்."

அடித்தேன். பந்து அதிக தூரம் போகவில்லை. ஆனால் எழும்பி, நேராகப் போனது.

ஆட்டம் முடிந்து பிரியும்போது, ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். என் வாயால், நானாகச் சொன்னேன். கார்க் கதவைத் திறந்து வைத்து, காலில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருக்கையில் மகள் ஃபோன் எடுத்தாள்.

"அப்பா, நீங்களாவோ கூப்பிட்டனீங்கள்?"

"ஓம்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவற்ற அப்பா இப்ப எனக்கு ஃபோன் எடுத்தவர். வீட்டை வந்தால் சப்பாத்தை எங்க கழட்டுறது எண்டு கேக்கிறார்."

"நான் வாசல்லயே நிப்பன் எண்டு சொல்லு," என்றேன்.