பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு தாள்

ஜப்பானின் ஃபுகுயாமாவில் நாற்பத்திரண்டு வருஷம் முடிவெட்டிய ஷிகெசோ ஓகுஷிக்கு, கடையை மூடிய பிறகும் வாடிக்கை குறையவில்லை. தலைக்குப் பதிலாக மாடல் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் ஆற்றங்கரையில் பறக்கவிடும் சங்கத்தில் அவரைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருடைய பல்சக்கரங்களும் அவர் கையால் பொருத்தியவை.

மோட்டாரின் குட்டிச் சக்கரத்தைப் பெரிய நைலான் சக்கரத்தோடு கடிக்கவிட வேண்டும். இறுக்கினால் சூடேறும், தளர்த்தினால் பல் வழுக்கும். சுருள்முடி வைக்கும்போது சுற்றுகிற மெல்லிய தாளில் ஒரு கீற்றை ஷிகெசோ நடுவே செருகி, அழுத்திப் பிடித்து, திருகை முடுக்குவார். தாளை உருவிவிட்டுச் சக்கரத்தைக் கட்டைவிரலால் அசைப்பார். துளி ஆட்டம் தெரிய வேண்டும். அந்தத் துளியைக் கண்டுபிடிப்பது விரல்தான்.

அந்த விரல்தான் ஒரு வருஷமாகச் சர்க்கரை வியாதியில் மரத்துப்போயிருந்தது. மனுஷன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பழகிய கை தானாகச் செய்யும் என்று நம்பினார். அப்படி நம்புவது வசதியாகவும் இருந்தது.

அன்றைக்கு, சங்கத்தில் சேர்ந்து மூன்று வாரமே ஆன குவாபராவின் ஹெலிகாப்டர் தென்னை உயரத்தில் கிரீச்சென்று கத்தியது. மோட்டார் சுற்றியது, மேல்விசிறி சுற்றவில்லை. நேரே மணலில் விழுந்து நொறுங்கியது. வழக்கம்போல எல்லாரும் வரிசையாக நடந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். நைலான் சக்கரம் ஷிகெசோ கையில் அகப்பட்டது. பற்களின் நுனி மட்டும் தேய்ந்திருந்தது. நுனியோடு நுனிதான் கடித்திருக்கிறது, தளர்வு. அவர் கையால் பொருத்திய சக்கரம்தான் அது.

குவாபரா குனிந்து வணங்கினார். "மன்னிச்சுக்குங்க. ஓட்டத் தெரியாம சடார்னு தூக்கிட்டேன்."

சும்மா இருந்தால் பேர் தப்பிக்கும். சும்மா இருக்க ஷிகெசோவுக்கு ரொம்பவே ஆசையாக இருந்தது.

"உங்க தப்பு இல்ல, குவாபரா சான். எனக்கு விரல்ல உணர்ச்சியே இல்ல. நான்தான் தளர்வா வச்சிட்டேன்."

முப்பது வருஷ நண்பன், டோஃபு வியாபாரி நிஷியோ கனைத்துக்கொண்டான்.

"எங்களுக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"நீ பொருத்திக் குடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிச்சு, நாங்களே மறுபடி சரிபண்ணிக்குவோம். ஒரு வருஷமா. உன் மூஞ்சிக்கு நேரா எப்படிடா சொல்றது?"

"இவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"புது ஆளு. உன்னைப் பத்தி அவர்கிட்டப் போய்..."

ஷிகெசோவுக்கு முகம் சிவந்தது. அவமானம் பாதி, கோபம் பாதி. "என் மூஞ்சியக் காப்பாத்த அவரு மெஷினைக் கீழ போட்டிருக்கோம். நீங்க மட்டுமில்ல, நானும்தான்."

தன் ஹெலிகாப்டரைப் பிரித்து, உள்ளிருந்த நைலான் சக்கரத்தைக் கழற்றினார். இரண்டு கையாலும் குவாபராவிடம் நீட்டினார். கூடவே ஒரு கீற்றுத் தாளும்.

"ஒரே மாடல்தான், சேரும். உடைஞ்சதை மாத்தினதும் நீங்களே வைங்க."

"எனக்கு அளவு தெரியாதே, ஓகுஷி சான். சரியா இருக்கான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

"என்னைக் கேக்காதீங்க. நிஷியோவைக் கேளுங்க. ஒரு வருஷமா வாயில கொழுக்கட்டைய வச்சிருந்தான், இப்பவாவது முழுங்கிட்டுப் பேசட்டும்."