ஸ்கேல் வைத்து நிறுத்திய சிவப்பு

அந்தப் படத்தில் தப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது, சூலூரில் மாமாவின் தறி குடோனில் கரண்ட் போன ஒரு மத்தியானம். எனக்கு ஆறாம் வகுப்பு லீவு.

அங்கிருந்த எட்டு விசைத்தறிகளும் அடுத்தவர் தரும் பாவு நூலைக் கூலிக்கு நெய்து கொடுப்பவை. மாமாவுக்குச் சொந்த ஆர்டர் எடுக்க ஆசை. வெளிநாட்டுக்காரர் ஒருவர், சுவரில் மாட்டும் விரிப்பு ஒன்றின் போட்டோவை ஏஜென்ட் மூலம் அனுப்பியிருந்தார். அதே போல ஒன்று நெய்து காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை. ஜமுக்காளம் நெய்து பழகியவர் மாமா. மூலையில் கைத்தறியும் இருந்தது. பார்த்து நெய்வதற்குப் படத்தைக் கிராஃப் தாளில் ஏற்றத்தான் ஆள் வேண்டும். ஸ்கெட்ச் பேனா வைத்திருந்தவள் நான்.

நீலத்தின்மேல் சிவப்பும் மஞ்சளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடின. பூ இல்லை, மயில் இல்லை. “என்னத்த வரைஞ்சாங்களோ, கோழி கெளறுன குப்பையாட்ட இருக்குது” என்றாள் அத்தை. ஒரு மஞ்சள் கையகலத்தில் தொடங்கி நூலாக முடிந்தது. ஒரு சிவப்பு, ஓரத்தில் பாதியிலேயே அறுந்து நின்றது.

கோட்டைத் தாண்டினால் மார்க் போய்விடும் என்று படித்தவள் சும்மா இருப்பேனா? அடிஸ்கேல் வைத்து எல்லாவற்றையும் ஒரே அகலமாக்கினேன். அறுந்த சிவப்பை முழுசாக்கி நடுவில் நிறுத்தினேன்.

“படத்துல நெறையத் தப்புங்க மாமா. எல்லாம் சரி பண்ணிப்போட்டேன்” என்றேன். மாமா போட்டோவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். “செரி கண்ணு” என்று தறியில் உட்கார்ந்தார். பதினோரு நாள் நெய்தார்.

ஏஜென்ட் அழைத்துவந்த வெள்ளைக்காரர் விரிப்பைத் தடவிப் பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார். ஏஜென்ட் சங்கடத்தோடு சொன்னார்: “நெசவு சுத்தமுங்களாமா. ஆனா போட்டோவுல ஓடுறது இதுல நின்னுபோச்சுங்கறாருங்க.”

“என்ற கைக்குப் பழக்கமில்லீங்க. அம்மணி சரியாத்தான் போட்டுக் குடுத்துச்சு” என்றார் மாமா.

ஆர்டர் பெருந்துறையில் வேறொருவருக்குப் போனது. பாவம், மாமா இன்னும் நன்றாகப் பழக வேண்டும் என்று அன்று மனதார இரங்கினேன். எட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே ஓர் இழை அறுந்தாலும் காதாலேயே கண்டுபிடிக்கிற மனிதருக்கு, இது மட்டும் கண்ணில் படாமல் போகுமா என்று தோன்றவே இல்லை.

இப்போது கல்லூரியில் டிசைன் படிக்கிறேன். போன மாதம் அத்தையின் பீரோவில் அந்தப் போட்டோ கிடைத்தது. நிறங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடின. அந்த அறுந்த சிவப்புதான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

“அப்பவே தெரியுமுங்களா மாமா?”

“தெரியாம என்ன? ரெண்டு நாளாச் சோறு திங்காம வரைஞ்சயே கண்ணு.”

கைத்தறி இன்னும் மூலையில்தான் கிடக்கிறது. மாமாவிடம் பாவு பூட்டச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை படம் என்னுடையது, நெய்யப்போவதும் நான். அதில் ஓடும் ஆரஞ்சு எங்கே போய் முடியும் என்று இதுவரை முடிவு செய்யவில்லை. நெய்துதான் பார்க்க வேண்டும்.