அக்கா பிரித்து மடித்த சட்டைகள்

எங்கள் அக்காவுக்குக் கோணல் என்றால் ஆகாது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலர் புரண்டிருந்தால் போதும், முன்பின் தெரியாத மனிதர் என்றும் பார்க்காமல் கையை நீட்டிச் சரிசெய்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், நீங்க பாட்டுக்கு உக்காருங்க" என்பாள். பக்கத்தில் இருக்கும் எனக்குத்தான் மானம் போகும். நாங்கள் இருவரும் ஒரே லாண்டரியில் வேலை பார்க்கிறோம். நான் முன்பக்கம் துணி வாங்கி, கொடுத்து அனுப்புகிறவள். அவள் உள்ளே இஸ்திரி ஆன துணிகளை மடித்து அடுக்குகிறவள். அங்கே அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பியும் பார்ப்பாள்.

அத்தான் ஒரு கிடங்கில் பொறுப்பாளராக இருந்தவர். கிடங்கை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் வேலை தேடினார். பிறகு தேடுவதை விட்டார், சவரம் செய்வதை விட்டார், கடைசியில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிற மனிதர் அப்படிக் கிடந்ததை என்னாலேயே பார்க்க முடியவில்லை. அக்காவைக் கேட்கவே வேண்டாம்.

டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். மாத்திரையோடு சில பழக்கங்களும் சொன்னார். தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். காலை வெயிலில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். யாரிடமாவது நாலு வார்த்தை பேச வேண்டும். "அப்புறம் வீட்டுல ஒரு வேலை குடுங்க. சின்னதா இருக்கட்டும், ஆனா அது முழுக்க அவரோட பொறுப்பா இருக்கணும்" என்றார்.

அக்கா கொடுத்த வேலை துணி மடிப்பது. உலகத்தில் வேறு வேலையே இல்லை பாருங்கள்! வெங்காயம் உரிக்கச் சொல்லியிருக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கலாம்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அவர் மடிக்கிறதைப் பாத்துக்கிட்டு நீ சும்மா இருப்பியா?" என்று கேட்டேன்.

"உக்காந்த இடத்துலயே செய்யலாம்டி, அவருக்கு அலுப்பு இருக்காது. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். அத்தான் மடித்த சட்டை, பாதியில் தூங்கிப்போன பூனை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். "அட, பிரமாதமா இருக்கே!" என்று வாங்கி அலமாரியில் வைப்பாள். காலையில் அவர் வெயிலில் நடக்கப் போனதும் எல்லாவற்றையும் வெளியே இழுத்து, பிரித்து, காலரைப் பிடித்து, கைகளைப் பின்னால் போட்டு, லாண்டரி மடிப்பாக மடித்து அடுக்கிவிடுவாள். ஒருநாள் நான் நேரில் பார்த்துவிட்டேன்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்றே?"

"கை தானா போகுதுடி. அவருக்குத் தெரிஞ்சாத்தானே?"

தெரியவில்லை. அதுதான் வினையே. அத்தான் நடந்துவிட்டு வந்து அலமாரியைத் திறப்பார். வரிசை வரிசையாக, விளிம்பு பிசகாமல் நிற்கும் சட்டைகளைப் பார்ப்பார். எல்லாம் தன் கைவேலை என்றே நினைத்தார். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. சவரம் செய்துகொண்டார். கீழ்வீட்டுக்காரரிடம் நின்று பேசினார். என்னைப் பார்த்து, "என்ன கொழுந்தியா, இன்னைக்கு எத்தனை பேரோட துணியை மாத்திக் குடுத்தே?" என்று பழையபடி வம்புக்கு இழுத்தார். அக்கா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒரு காலையில் லாண்டரி வாசலில் வந்து நின்றார். தலை வாரி, நல்ல சட்டை போட்டிருந்தார்.

"முதலாளி இருக்காரா? மடிக்க ஆள் வேணும்னு போர்டு பாத்தேன்."

எனக்குப் பகீரென்றது. நான் ஏதோ சொல்லித் தடுப்பதற்குள் முதலாளியே வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு சட்டையை எடுத்து மேஜையில் போட்டு, "எங்க, மடிங்க பாக்கலாம்" என்றார். உள்ளே தலையணை உறையோடு நின்ற அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தான் நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு மடித்தார். காலர் ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் பிதுங்கியது. இஸ்திரிக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். "என்னம்மா ஸ்கேல், வீட்டுக்காரருக்குச் சொல்லித்தரலையா?" என்றார் முதலாளி, விளையாட்டாகத்தான்.

"வீட்டுல நல்லா வந்துச்சே..." என்று ஆரம்பித்த அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரிங்க" என்று சட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"நான்தான்டி அவரைப் படுக்க வச்சேன்" என்று அக்கா லாண்டரியில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். "அந்த மனுஷன் ஏதோ எழுந்து நின்னாரு. என் கை அரிப்பால அவரை எல்லார் முன்னாடியும் கேவலப்படுத்திட்டேன்." நான் சமாதானம் சொல்லவில்லை. என்ன சொல்ல, உண்மையைத்தானே சொல்கிறாள்? வீட்டில் நாற்காலி மேல் துவைத்த துணி மலையாகக் குவிந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. கசங்கிய துணியோடு வேலைக்கு வந்தாள். ஸ்கேல் என்று யாரும் கூப்பிடவில்லை.

விடுமுறை நாளில் நான் போனபோது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"இங்க பாருங்க. நீங்க மடிச்சதையெல்லாம் நான் பிரிச்சேன். உங்க நல்லதுக்குன்னு சொன்னா அது பொய். எனக்குப் பாக்க சகிக்கல, அவ்வளவுதான். தப்பு என்னோடது."

அத்தான் திரும்பாமல், சுவரிடம் பேசுவதுபோலக் கேட்டார்: "ஒண்ணு கூடவா நல்லா இல்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஒன்றாவது நன்றாக இருந்தது என்று சொல்லித் தொலையேன் என்று கண்ணைக் காட்டினேன். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கூட இல்ல."

"துண்டு கூடவா?"

"துண்டு கூட."

"துண்டுக்கு நாலு மூலைதானேடி இருக்கு!" என்று அத்தான் இந்தப் பக்கம் திரும்பினார். கோபம்தான். ஆனாலும் திரும்பினார். எழுந்து உட்கார்ந்து, நாற்காலியிலிருந்து ஒரு துண்டை இழுத்து மடித்து அவள் முன்னால் போட்டார். "இது?"

அக்கா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது.

"கோணல்" என்றாள்.

அத்தான் துண்டை உதறி, மறுபடியும் மூலைகளைப் பிடித்தார்.