நலம் விசாரித்தே நலம் கெட்ட கதை

வேலை வரும்போது எப்படி இருக்கவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வராதபோது எப்படி இருப்பது என்பதைத்தான் இந்த வயதிலும் பழகிக்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து மொழிபெயர்க்கிறவன் நான். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு; அவசரமென்றால் சிங்களத்திலிருந்தும். மன்னாரில் ஒரு முன்னறை, ஒரு மேசை, ஒரு கால் கட்டையான கதிரை. இதுதான் என் கந்தோர். வேலை தருகிறவர்களெல்லாம் கொழும்பில். அவர்கள் இரண்டு கிழமை பேசாமல் இருந்துவிட்டால், நான் தொழில் செய்கிறவனா அல்லது கதிரையை ஆட்டுகிறவனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்த ஆடி மாதம் சோளகக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கடற்கரைக் காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுற்றின. என் தொலைபேசி மட்டும் அசையவில்லை. வேலை தருகிற மூன்று இடங்கள் ஒரேயடியாக ஊமையாகிவிட்டன. அதில் இரண்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவை எப்போதும் தூங்கித் தூங்கி விழிக்கிற இடங்கள். மூன்றாவதுதான் என் சோறு. மீனவக் குடும்பங்களுக்கான ஒரு திட்டம் அது; அதன் இணைப்பாளர் ஒரு பெண். எங்கள் மன்னார்ப் பக்கத்துக் கடலோர ஊரான அரிப்பில் பிறந்து, கொழும்பிலே படித்து, அங்கேயே தங்கிவிட்டவர். சில வருடங்களாக என் வேலையில் பெரும்பகுதி அவரிடமிருந்துதான் வந்தது.

கடைசியாக அவர் தொலைபேசியில் பேசியபோது, கடலில் பாதுகாப்பாக இருப்பது பற்றி ஒரு வரிசை கைநூல்கள் வரப்போவதாகச் சொன்னார்.

"நீங்களே செய்யிறீங்களோ அண்ணை?"

வளர்ந்த விதப்படி பதில் சொன்னேன். "ஐயோ மிஸ், நானென்ன பெரிய ஆளே? என்னைவிட நல்ல ஆக்கள் இருக்கினம். அவையளிட்டக் குடுங்கோ."

"சரி அண்ணை" என்றார். தொலைபேசியை வைத்தேன். எவ்வளவு அடக்கமாகப் பேசினேன் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

இதற்கிடையில் மனைவியின் தம்பி ஒருவன் இருக்கிறான். வவுனியாவில் ஹாட்வெயார் கடை. "அத்தான், நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேணும். வந்து கடையைப் பாருங்கோ" என்று அவன் கேட்பது வழக்கம். அந்த மாதம் வழக்கத்தைவிட அடிக்கடி கேட்டான். ஒருநாள் பதற்றத்தில், "மடு மாதா கோயில் ஆவணித் திருநாள் முடியிறதுக்குள்ள வேலை வராட்டி வவுனியாவுக்குப் போறன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மனைவிக்குக் கேட்கும்படியாகச் சொன்னதுதான் பிழை. சீமெந்துப் பைகளுக்கு நடுவே, ஆணி நிறுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும் காட்சி அன்றிலிருந்து கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆகவே இணைப்பாளரிடம் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். "அந்த வேலை என்ன ஆயிற்று?" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். அழித்தேன். பக்கத்து வீட்டுச் சட்டியைத் திறந்து பார்த்ததுபோல் இருந்தது. கடைசியில் போனது இதுதான்: "வணக்கம் மிஸ். சுகமா இருக்கிறீங்களா? இஞ்ச நல்ல காத்து."

நீலச் சரி விழுந்தது. மறுநாள், "சுகம் அண்ணை" என்று பதிலும் கூப்பிய கைகள் இரண்டும் வந்தன.

அந்தக் கைகளை நான் அரை நாள் ஆராய்ந்தேன். நன்றியா? வணக்கமா? செத்தவீட்டிலும் இதே கைகளைத்தானே போடுகிறார்கள்? அவருக்கு அனுப்பிய கடைசி வேலையை எடுத்து, என் எதிரி படிப்பதுபோல் படித்தேன். எதிரிக்குக்கூட ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் பயத்தைக் கூட்டியது. பிழை இருந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த கிழமை, எங்கள் ஒழுங்கையில் நடு வீதியில் படுத்திருந்த கழுதையின் படத்தை அனுப்பினேன். அதற்கடுத்த கிழமை, அதே கழுதையை வேறு பக்கத்திலிருந்து. இரண்டுக்கும் கூப்பிய கைகள் வந்தன. கழுதைக்கும் எனக்கும் ஒரே மரியாதை.

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, அவ உங்களுக்கு வேலை குடுக்கிறவவோ, இல்லாட்டிப் பேனா நண்பியோ?"

"நேர கேட்டா, அலையிறான் எண்டு நினைப்பா."

"அலையிறீங்கள்தானே."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தலைமன்னார் இறங்குதுறைப் பக்கம் போனேன். தொலைபேசியை மறந்து கடலைப் பார்ப்பது என் திட்டம். கடலை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கவில்லை, சட்டைப்பை கத்தியது. "மடு மாதாவே" என்றபடி எடுத்துப் பார்த்தேன். அக்கரைத் தொலைபேசிக் கோபுரத்தின் அலை பிடித்துவிட்டது. இந்தியா என்னை அன்புடன் வரவேற்பதாகச் செய்தி. அந்த மாதம் முழுக்க என்னை வரவேற்ற ஒரே ஆள் அந்த நாடுதான். திரும்பி வரும் வழியில் இன்னும் இரண்டு தரம் கத்தியது. இரண்டு தரமும் நிறுத்திப் பார்த்தேன். வெட்கம் என்று ஒன்று இருந்தால் மொழிபெயர்ப்பாளனாக இருக்க முடியாது.

ஆவணித் திருநாளும் வந்து முடிந்தது. மறுநாள் காலையில் இணைப்பாளரிடமிருந்தே செய்தி: "அண்ணை, மடுவுக்கு வந்தனாங்கள். அரிப்புக்குப் போக முதல் உங்கட வீட்டை ஒருக்கா வந்திட்டுப் போகட்டோ?"

எங்கள் ஊரில் நல்ல செய்தியைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவார்கள். கெட்ட செய்தியைத்தான் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்வார்கள். முடிந்தது என்று நினைத்தேன். ஆணி நிறுக்கும் தராசு கண்ணில் தெரிந்தது.

மத்தியானத்துக்குச் சற்று முன் கணவரோடு வந்தார். கணவர் பேசாத மனிதர். அன்று எங்கள் வீட்டில் நிம்மதியாக இருந்தவர் அவர் ஒருவர்தான். காற்றைப் பற்றிப் பேசினோம். மடுவில் கூடிய சனத்தைப் பற்றிப் பேசினோம். கழுதை சுகமா என்று இணைப்பாளர் கேட்டார். வேலை பற்றி ஒரு சொல் இல்லை. நான் ஆடுகிற கதிரையில் ஆடாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தேன்.

மனைவி குசினியிலிருந்து வந்தாள். "இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"ஐயோ வேண்டாமக்கா. இப்பதான் வழியில சாப்பிட்டனாங்கள்."

"அது சரிவராது. கொஞ்சமாவது சாப்பிடுங்கோ."

"இல்லையக்கா, வயிறு நிரம்பிக் கிடக்கு."

"கணவாய்க் கறி பிள்ளை. அரிப்பு ஆக்கள் கணவாயை விட்டிட்டுப் போறதோ?"

"அப்ப... ஒரு கொஞ்சம் போடுங்கோ."

ஒரு கொஞ்சம் போட்டாள். பிறகு இன்னொரு கொஞ்சம். மூன்றாவது கொஞ்சத்துக்கு இணைப்பாளரே சோற்றுக் கோப்பையை நீட்டினார். வயிறு நிரம்பிய ஒருவர் இப்படிச் சாப்பிடுவதை நான் கண்டதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று, ஆடிக்கு முந்திய அந்தத் தொலைபேசிப் பேச்சு முழுக்க எனக்குத் திரும்பக் கேட்டது. நானும் இப்படித்தானே வேண்டாமென்றேன்? அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்துவைத்துக்கொண்டு இத்தனை கிழமையாக நிற்கிறேனே?

"மிஸ்," என்றேன். குரல் தேவையில்லாமல் உயர்ந்துவிட்டது. "அந்தக் கைநூல் வேலைக்கு நீங்கள் ஏன் என்னை ரெண்டாந்தரம் கேக்கேல்லை?"

அவர் வாயிலிருந்த கணவாயை மெல்லாமல் நிறுத்தினார். "நீங்கள்தானே வேண்டாமெண்டீங்கள் அண்ணை? நல்ல ஆக்களிட்டக் குடுங்கோ எண்டும் சொன்னீங்கள்."

"நீங்களும் இப்ப சாப்பாடு வேண்டாமெண்டுதானே சொன்னீங்கள்?"

அவர் தன் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேசாத கணவர் முதல்தரம் சத்தம் போட்டுச் சிரித்தார்.

"ஐயோ அண்ணை, சோத்துக்கு நான் இன்னும் அரிப்புத்தான். வேலைக்குக் கொழும்பு ஆளாப் போனன். எங்கட கந்தோரில வேண்டாமெண்டா வேண்டாம்தான்; ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டினம். அதுக்குப் பிறகு நீங்கள் கிழமைக்குக் கிழமை கழுதைப் படம் அனுப்ப, மனுசன் ஆறுதலா இருக்கிறார், கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டு நானும் பேசாமல் இருந்தன்."

ஆறுதலா இருந்த மனுசனைப் பார்த்து மனைவி தலையில் கை வைத்தாள்.

"முதல் ரெண்டு நூலும் வேற ஆளிட்டப் போயிட்டுது அண்ணை" என்றார் இணைப்பாளர். "மிச்சம் இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. செய்வீங்களோ?"

என் வாய் தன்பாட்டில் "ஐ" என்று தொடங்கியது. அதற்குப் பின்னால் "யோ மிஸ்" வரிசையில் நின்றது. மனைவி கறி அகப்பையோடு எனக்கு நேரே வந்து நின்றாள்.

"ஓம்" என்றேன்.

ஒற்றைச் சொல். முன்னால் காற்று இல்லை, பின்னால் கழுதை இல்லை. உடுப்பில்லாமல் சபைக்கு வந்ததுபோல் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. அவர் கைகழுவப் போனார். கணவர் நாலாவது கொஞ்சம் கேட்டார்.

அந்தத் துணிச்சல் ஆறுமுன், மற்ற இரண்டு ஊமை இடங்களுக்கும் "வேலை ஏதும் இருக்கிறதா?" என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய கையோடு தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்து பார்த்தேன். பூட்டினேன். திறந்தேன். "திறப்பை என்னட்டத் தாங்கோ" என்றாள் மனைவி.

மாலையில் திறப்பைக் கேட்டு வாங்கி, வவுனியா மச்சானுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். நேராகப் பேசும் பழக்கம் வந்துவிட்டதல்லவா? "தம்பி, வேலை வந்திட்டுது. கடைக்கு வரமாட்டன். எனக்கு வேண்டாம்."

"சும்மா சொல்லாதேங்கோ அத்தான்."

"உண்மையா வேண்டாம்."

"உங்களை எனக்குத் தெரியாதே? கதிரையும் வாங்கிப் போட்டிட்டன். ஆடாத கதிரை."

இன்னும் இரண்டு தரம் வேண்டாமென்று சொன்னேன். அவன் கொழும்பில் வேலை பார்த்தவனில்லை. நாளை திரும்பவும் கேட்பான்.